தெரியாதது விடையா, கேள்வியின் மொழியா?

உங்கள் கைப்பேசி எண்ணை ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். நம்மில் பெரும்பாலோர் "நைன் எய்ட் ஃபோர்…" என்றுதான் தொடங்குவோம். கடையில் "ரெண்டு தேங்காய், அஞ்சு எலுமிச்சம்பழம்" என்று தமிழில் கேட்கிற அதே வாய், கைப்பேசி எண் என்றதும் ஆங்கிலத்துக்கு மாறிவிடுகிறது. இப்போது அந்தப் பத்து இலக்கங்களையும் தமிழில் சொல்லுங்கள். சற்றுக் கூடுதல் நேரம் பிடிக்கும். பாதியில் ஓர் இலக்கம் நழுவினாலும் வியப்பில்லை.

காரணம் எளியது. ஆங்கிலத்தில் ஒன்று முதல் ஒன்பது வரை 'செவன்' ஒன்றைத் தவிர மற்றவையெல்லாம் ஓரசைச் சொற்கள். நம் பேச்சுத் தமிழில் ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு எல்லாம் ஈரசை, ஒம்பது மூவசை. நாம் எண்களை நினைவில் வைத்திருப்பது அவற்றை மனத்துக்குள் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொள்வதன் மூலம்தான். இந்த உள்பேச்சு ஏறக்குறைய இரண்டு வினாடிக்குள் சொல்லி முடிக்கக்கூடிய அளவைத்தான் தாங்கும் என்று ஆலன் பேட்லியும் அவருடன் பணியாற்றியவர்களும் 1975இல் காட்டினார்கள். சொல் நீண்டால் எண்ணிக்கை குறையும்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், அறிவுத்திறன் சோதனைகள் பலவற்றில் 'எண் வரிசையைத் திருப்பிச் சொல்' என்று ஒரு பகுதி உண்டு. சோதிப்பவர் 5, 8, 2, 9 என்று வினாடிக்கு ஒன்றாகச் சொல்வார். குழந்தை அப்படியே திருப்பிச் சொல்ல வேண்டும். பார்க்கும்போது மொழிக்கும் இதற்கும் தொடர்பே இல்லாதது போலத் தோன்றும். படமில்லை, கதையில்லை, கடினமான சொல் இல்லை, வெறும் எண்தானே! ஆனால் சீன மொழி பேசுவோர் இந்தப் பகுதியில் ஆங்கிலம் பேசுவோரைவிட நீளமான வரிசைகளைத் திருப்பிச் சொல்வது மீண்டும் மீண்டும் தெரியவந்திருக்கிறது. சீனத்தில் யீ, அர், சான் என்று ஒன்பது எண்ணும் ஓரசை. சட்டென்று சொல்லி முடித்துவிடலாம். ஸ்டிக்லர், லீ, ஸ்டீவன்சன் ஆகியோர் 1986இல் வெளியிட்ட ஆய்வு, இந்த வேறுபாட்டுக்கு எண்ணைச் சொல்லப் பிடிக்கும் நேரத்தையே காரணமாகக் காட்டியது.

வேல்ஸ் நாட்டில் இதன் மறுபக்கத்தைப் பார்த்தார்கள். வேல்ஷ் மொழியின் எண்களில் நெட்டோசை மிகுதி. சொல்ல நேரம் பிடிக்கும். அங்கே வேல்ஷ், ஆங்கிலம் இரண்டும் அறிந்தவர்களை வைத்து எல்லிஸும் ஹென்னலியும் 1980இல் ஓர் ஆய்வு செய்தார்கள். அதே ஆள், அதே மூளை. ஆனால் வேல்ஷில் கேட்டால் குறைவான இலக்கங்கள், ஆங்கிலத்தில் கேட்டால் கூடுதல். வாய்க்குள் வேறேதோ முணுமுணுக்கச் சொல்லி உள்பேச்சைத் தடுத்ததும் இரண்டு மொழிக்கும் இடையிலிருந்த வேறுபாடு மறைந்துவிட்டது. வேல்ஷ் குழந்தைகளின் மதிப்பெண் குறைவாக வந்ததற்கு அவர்கள் எண்ணின் நீளமும் ஒரு காரணம் என்று அப்போதுதான் புரிந்தது.

நான் சிறப்புப் பயிற்றுநர். செங்கல்பட்டு மாவட்டத்தின் கடலோரப் பள்ளிகளுக்கு மாறி மாறிச் செல்வது என் வேலை. "இந்தப் பிள்ளைக்கு எதுவும் ஏற மாட்டேங்குது மேடம், ஒரு டெஸ்ட் வெச்சுப் பார்த்திடுங்க" என்று வகுப்பாசிரியர்கள் அக்கறையோடுதான் சொல்கிறார்கள். அந்தச் சொல்லுக்குப் பின்னால் ஒரு சோதனை, ஒரு சான்று, ஒரு முடிவு என்று வரிசை நிற்கிறது. ஆகவே சோதனையின் மொழி என்ன செய்யும் என்பதை நாம் கொஞ்சம் விரிவாகவே தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது.

பழைய கதை

பாரிஸில் 1905இல் ஆல்ஃபிரட் பினே, சைமனுடன் சேர்ந்து முதல் சோதனையை உருவாக்கியது, பள்ளியில் கூடுதல் உதவி தேவைப்படும் குழந்தைகளைக் கண்டறியத்தான். அது கடல் கடந்து அமெரிக்கா போனதும் வேறு வேலைக்குப் பயன்பட்டது. முதல் உலகப் போரின்போது படைக்கு ஆள் சேர்க்க 'ஆல்ஃபா', 'பீட்டா' என்று இரண்டு சோதனைகள். பீட்டா, எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கும் ஆங்கிலம் அறியாதவர்களுக்கும் உரியது. படத்தில் விடுபட்டதை வரைய வேண்டும். வலையில்லாத டென்னிஸ் ஆடுகளம் ஒரு படம். டென்னிஸையே பார்த்திராத இத்தாலிய உழவர் அதில் எதைக் கண்டுபிடிப்பார்? அந்த மதிப்பெண்களை வைத்து இன்ன நாட்டார் அறிவில் தாழ்ந்தவர்கள் என்று 1923இல் கார்ல் பிரிகம் ஒரு நூல் எழுதினார். வேறு மொழிச் சூழலில் வளர்ந்தவர்களை இப்படி ஒப்பிட முடியாது என்று 1930இல் அவரே தம் முடிவைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். அதற்குள் 1924இல் குடியேற்றத்தைக் குறுக்கும் சட்டம் வந்துவிட்டது.

ஆசிரியர்களாகிய நமக்கு இதைவிட நெருக்கமானது கலிஃபோர்னியாவின் 'டயானா' வழக்கு. வீட்டில் ஸ்பானிய மொழி பேசிய ஒன்பது குழந்தைகளை, ஆங்கிலத்தில் நடத்திய சோதனையின் மதிப்பெண்ணை வைத்து, மனவளர்ச்சி குன்றியோருக்கான வகுப்பில் போட்டிருந்தார்கள். அவர்களுக்கே ஸ்பானிய மொழியில் மறுசோதனை வைத்தபோது ஒன்பதில் ஏழு பேர் அந்த வகுப்புக்கான எல்லைக்கோட்டைத் தாண்டினார்கள். சராசரியாக 15 புள்ளிகள் கூடியிருந்தன. 1970இல் வழக்கு உடன்பாட்டில் முடிந்தது. வீட்டு மொழியிலும் சோதிக்க வேண்டும், மொழியறிவைச் சார்ந்த பகுதிகளை மட்டும் நம்பி முடிவு செய்யக் கூடாது, அந்த வகுப்புகளில் ஏற்கெனவே இருக்கும் மெக்சிகோ வழிக் குழந்தைகளையும் சீனக் குழந்தைகளையும் அவரவர் மொழியில் மீண்டும் சோதிக்க வேண்டும் என்பவை அதன் கூறுகள். நான்கு ஆண்டு கழித்து, சான் ஃபிரான்சிஸ்கோவின் சீன மாணவர்கள் தொடுத்த 'லாவ்' வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் இன்னொன்றைச் சொன்னது: எல்லாருக்கும் ஒரே பாடநூல், ஒரே ஆசிரியர் என்பதால் மட்டுமே சமமாக நடத்தியதாகிவிடாது. பாடமொழி புரியாத ஏறத்தாழ 1,800 மாணவர்களுக்கு அங்கே எந்தக் கூடுதல் உதவியும் கிடைத்திருக்கவில்லை.

சீன மொழி பற்றியே இன்னொரு சுவையான விவாதம் உண்டு. 'அப்படி நடந்திருந்தால் இப்படி ஆகியிருக்கும்' என்று, நடக்காததை நடந்ததாகக் கொண்டு சிந்திப்பது சீனர்களுக்குக் கடினம், அவர்கள் இலக்கணத்தில் அதற்குத் தனி வடிவம் இல்லை என்று ஆல்ஃபிரட் புளூம் 1981இல் எழுதினார். சீனம் படிக்கத் தெரியாத ஓர் ஐரோப்பியத் தத்துவ அறிஞரைப் பற்றி, 'அவருக்குச் சீனம் தெரிந்திருந்தால்…' என்று போகும் கதையைக் கொடுத்து அவர் சோதித்திருந்தார். ஹாங்காங்கில் இருமொழி மாணவர்களை வைத்து 1983இல் டெர்ரி ஆவ் அதை மீண்டும் செய்து பார்த்தார். புளூமின் கதைகளில் இருந்தது சீனர் எழுதும் சீனம் அல்ல, மொழிபெயர்ப்பு வாடை அடிக்கும் சீனம் என்பது அவர் வாதம். இயல்பான சீனத்தில் கதையைக் கொடுத்ததும் மாணவர்கள் தடுமாறவில்லை. சிந்தனையில் இருந்ததாகச் சொன்ன குறை, வினாத்தாளின் வாக்கியத்தில் இருந்தது.

தமிழுக்குள்ளேயே

ஹாங்காங் வரை போக வேண்டாம். நம் வினாத்தாள்களையே எடுத்துக்கொள்வோம். 'கீழ்க்காண்பவற்றுள் பொருந்தாததைத் தேர்க.' படம்: வாழை, மா, பலா, நாய். இரண்டாம் வகுப்புச் சிறுவன் விழிக்கிறான். "இந்த நாலுல எது சேராது?" என்று கேளுங்கள், கேள்வி முடியுமுன் நாயின் மேல் விரல் இருக்கும். அவனுக்கு வகைப்படுத்தத் தெரியும். 'தேர்க' தெரியாது. எழுத்துத் தமிழைக் கற்பிப்பது நம் கடமை, அதில் ஐயமில்லை. ஆனால் எழுத்துத் தமிழ் தெரியுமா என்று சோதிப்பதும் வகைப்படுத்தத் தெரியுமா என்று சோதிப்பதும் இருவேறு சோதனைகள். இரண்டையும் ஒரே கேள்வியில் போட்டுவிட்டு, விடை தவறினால் எது தவறியது என்று நம்மாலேயே சொல்ல முடியாது.

சொற்களஞ்சியப் பகுதியிலும் இதே சிக்கல்தான். நாடாப்பெட்டி, தந்தி, கிணற்றுராட்டினம் போன்றவற்றின் படங்கள் பழைய படத்தொகுப்புகளில் இன்னும் இருக்கின்றன. கோவளம், கொக்கிலமேடு, சதுரங்கப்பட்டினம் பக்கத்து மீனவக் குழந்தைக்குக் கச்சான், கொண்டல், வாடை என்று காற்றுக்கே பல பெயர் தெரியும். வலையின் கண்ணளவைப் பார்த்து எந்த மீனுக்கானது என்று சொல்லும். மாமல்லபுரத்தில் சிற்பக்கூடத்தின் உளியோசையில் வளரும் குழந்தை, கல்லைத் தட்டிப் பார்த்து ஓசையில் விரிசலைக் கண்டுபிடிக்கும் பெரியவர்களைத் தினமும் பார்க்கிறது. இந்தச் சொற்களையோ இந்த அறிவையோ கேட்கும் சோதனை எதையும் நான் பார்த்ததில்லை.

நம் நாட்டில் இன்றும் பரவலாகப் பயன்படும் பினே-காமத் சோதனையை வி. வி. காமத் 1930களில் மராத்தி, கன்னடக் குழந்தைகளுக்காக உருவாக்கினார். தார்வார்க் குழந்தைகளின் விடைகளிலிருந்து வந்த அளவுகோல் அது. மலின் என்பவர் அமெரிக்கச் சோதனையொன்றை நாக்பூரிலிருந்து இந்தியக் குழந்தைகளுக்கு ஏற்பத் திருத்தினார். இவை தம் காலத்தில் பெரிய உழைப்பு, குறை சொல்லவில்லை. ஆனால் ஒரு குழந்தையின் மதிப்பெண் என்பது அது யாரோடு ஒப்பிடப்படுகிறது என்பதைப் பொறுத்தது என்பதை மறந்துவிடக் கூடாது.

பூஞ்சேரியும் சூளையும்

மாமல்லபுரத்தை ஒட்டிய பூஞ்சேரியில் நரிக்குறவர், இருளர் குடும்பங்கள் வாழ்கின்றன. 2021 நவம்பரில் முதலமைச்சர் நேரில் வந்து பட்டா வழங்கியதால் பலருக்கும் அந்தப் பெயர் நினைவிருக்கும். நரிக்குறவர்கள் வீட்டில் பேசுவது வாக்ரிபோலி. இந்தோ-ஆரியக் குடும்ப மொழி, தனக்கென எழுத்து இல்லாதது. தெருவில் தமிழ், சுற்றுலாப் பயணிகளிடம் இந்தி, கொஞ்சம் ஆங்கிலம், சிலருக்குத் தெலுங்கும். ஏழு வயதுக் குழந்தையே மூன்று மொழிகளில் விலை சொல்வதைக் கடற்கரைக் கோயில் வாசலில் யாரும் கேட்கலாம். வகுப்பறையில் அதே குழந்தை 'பேச மாட்டேங்குது'.

மூன்றாம் வகுப்பில் அப்படி ஒரு சிறுமி. (ஊரும் பள்ளியும் வேண்டாம்.) என்னிடம் வரும்போதே கையில் ஒரு தாள் இருந்தது, வேறோர் இடத்தில் தமிழில் நடத்திய சோதனையின் எண் அதில் எல்லைக்கோட்டுக்குக் கீழே இருந்தது. யார் மொழிபெயர்த்தார், எந்த மொழியில் விளக்கினார்கள் என்று ஒரு வரிகூட இல்லை. மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016, அறிவுசார் குறைபாட்டை வரையறுக்கும்போது இரண்டு கால்களில் நிற்கிறது: சிந்தித்தல், கற்றல் ஆகியவற்றில் குறிப்பிடத்தக்க குறை ஒன்று, அன்றாட வாழ்க்கைத் திறன்களில், அதாவது தகவமைப்பு நடத்தையில், குறை இன்னொன்று. இரண்டும் இருக்க வேண்டும். ஆகவே நான் அந்த எண்ணை ஓரமாக வைத்துவிட்டு, அவள் அம்மாவிடம் போய் உட்கார்ந்தேன்.

விடுமுறை நாளில் அம்மாவோடு பாசிமணி விற்கப் போகும்போது மீதிச் சில்லறை கொடுப்பது இவள்தானாம். தம்பியைக் குளிப்பாட்டிச் சோறூட்டுவதும் இவள். கோக்கப் பட்டிருந்த மணிமாலை ஒன்றை எடுத்துப் பார்த்தேன்: இரண்டு சிவப்பு, ஒரு கறுப்பு, மூன்று வெள்ளை, நடுவில் ஒரு பெரியது, பிறகு அதே வரிசை தலைகீழாக. அதை அவள் யாரும் சொல்லாமல் கோக்கிறாள். சோதனைத் தாளில் 'வடிவத் தொடரை நிறைவு செய்தல்' என்ற இடத்தில் பூஜ்ஜியம் போட்டிருந்தது. "வீட்டுல நல்லாப் பேசுவாளாம்மா?" என்றேன். "வாயாடி! அவ அக்காவவிட முன்னாடி பேசினா" என்றார்.

அந்தக் கடைசிக் கேள்வியைத்தான் நான் மிக முக்கியமானதாகக் கருதுகிறேன். உண்மையான மொழிக் குறைபாடோ அறிவுசார் குறைபாடோ ஒரு மொழியில் மட்டும் ஒளிந்திருக்காது. குழந்தை அறிந்த எல்லா மொழியிலும் தலைகாட்டும். வீட்டு மொழியில் உடன்பிறந்தவர்களைப் போல் பேசி, கதை சொல்லி, சண்டை போடுகிற குழந்தை வகுப்பில் ஊமையாக இருந்தால், முதலில் ஐயப்பட வேண்டியது வகுப்பின் மொழியை. முறையான மறுமதிப்பீட்டுக்குப் பின் அந்தச் சிறுமியின் தாளிலிருந்த முடிவு நிற்கவில்லை. தமிழ் வாசிப்பில் அவள் இன்னும் பின்தங்கித்தான் இருக்கிறாள். அது வேறு பிரச்சினை, அதற்கு வேறு மருந்து.

இருளர் பிள்ளைகளின் நிலை சற்று வேறு. இங்கே சமவெளியில் அவர்கள் பேசுவது தமிழ்தான். ஆனால் அவர்களுக்கே உரிய சொல்லும் இழுவையும் உண்டு. அதை 'கொச்சை' என்று நாம் திருத்தத் தொடங்கினால் அந்தக் குழந்தை அடுத்த முறை வாயைத் திறக்காது. வடநெம்மேலியில் 1978 முதல் இயங்கும் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் நம் மாவட்டத்தில்தான் இருக்கிறது. விஷமுறிவு மருந்துக்கான நஞ்சு அங்கிருந்து போகிறது. அந்தச் சமூகத்தின் வடிவேல் கோபாலும் மாசி சடையனும் 2017இல் அமெரிக்காவின் ஃபுளோரிடாவுக்கு அழைக்கப்பட்டு, அங்குள்ளவர்கள் திணறிக்கொண்டிருந்த சதுப்பு நிலத்தில் இரண்டே வாரத்துக்குள் 13 மலைப்பாம்புகளைப் பிடித்தார்கள். 2023இல் இருவருக்கும் பத்மஸ்ரீ. தடம் பார்த்து, தோல் உரித்ததைப் பார்த்து, மண்ணின் ஈரம் பார்த்து முடிவுக்கு வருவது உய்த்துணர்தல் இல்லையென்றால் வேறென்ன? எழுத்துத் தேர்வில் அவர்கள் எத்தனை வாங்கியிருப்பார்கள் என்பதை யோசித்துப் பார்க்கலாம்.

அடுத்து, செங்கல் சூளைகளுக்கு ஒடிசா முதலிய மாநிலங்களிலிருந்து வரும் குடும்பங்களின் குழந்தைகள். கட்டட வேலைக்கு வரும் இந்தி பேசும் குடும்பங்களும் உண்டு. 'எண்ணும் எழுத்தும்' வகுப்பில் எண்களைச் சொல்லச் சொல்வோம். தமிழில் இருபதைத் தாண்டிவிட்டால் பாதை நேராகிவிடும்: இருபத்தொன்று, முப்பத்தொன்று. தொண்ணூறில் ஒரு சின்ன மேடு, அவ்வளவுதான். சீனத்தில் அதைவிட எளிது, பதினொன்றே 'பத்து-ஒன்று'. அமெரிக்க, சீனக் குழந்தைகள் பத்து வரை சொல்வதில் வேறுபாடில்லை, பதினொன்றிலிருந்து சீனக் குழந்தைகள் முந்துகிறார்கள் என்று கெவின் மில்லரும் உடனிருந்தோரும் 1995இல் கண்டார்கள். இந்திக்கு வாருங்கள். 59 என்பது 'உன்சட்', 69 என்பது 'உன்ஹத்தர்'. அதாவது 'அறுபதுக்கு ஒன்று குறைவு', 'எழுபதுக்கு ஒன்று குறைவு'. நூறு வரை ஒவ்வொன்றும் ஏறக்குறைய தனிச் சொல், மனப்பாடம் செய்தாக வேண்டும். அப்படிப்பட்ட குழந்தை 59, 69இல் தடுமாறினால், எண்ணறிவு இல்லை என்று எழுதிவிடாமல் 59 தீப்பெட்டிக் குச்சிகளைப் பத்துப் பத்தாகக் கட்டச் சொல்லிப் பாருங்கள். கட்டுகள் சரியாக வந்தால் பிரச்சினை பெயரில்தான்.

படம் போட்டால் போதுமா?

'மொழியே வேண்டாம், செயல்வழிச் சோதனை வைத்துவிடலாமே' என்று தோன்றும். சி. எம். பாட்டியா 1955இல் வெளியிட்ட செயல்வழிச் சோதனைத் தொகுதி அந்த நோக்கத்தில் எழுந்ததுதான்: வண்ணக் கட்டைகளை அடுக்குதல், படத்தைச் சேர்த்தல், வடிவம் வரைதல். பேச்சு குறைவு என்பது பெரிய ஆறுதல். ஆனால் பென்சிலே பிடித்திராத குழந்தைக்கு வடிவம் வரைவது மொழியைப் போன்றே அயலானது. கடிகாரத்தை வைத்துக்கொண்டு 'வேகமாகச் செய்' என்பதும் ஒரு பண்பாடுதான். பெரியவர் முன்னால் அவசரப்படாமல் இருப்பதே மரியாதை என்று வளர்ந்த குழந்தைகள் நம் வகுப்பில் நிறைய. படத்தால் மொழி மறையும், பழக்கம் மறையாது.

நான் நடைமுறையில் நம்புவது 'சோதி, கற்பி, மீண்டும் சோதி' என்ற முறையை. கொக்கிலமேட்டுக் கரையில் பொறுக்கிய சிப்பியும் புளியங்கொட்டையும் போதும். ஒரு சிப்பி, இரண்டு கொட்டை, ஒரு சிப்பி, இரண்டு கொட்டை என்று வைத்துவிட்டு அடுத்தது என்ன என்று சைகையால் கேட்பேன். தெரியாவிட்டால் குறிப்பெடுத்துக்கொண்டு, நானே இரண்டு முறை வைத்துக் காட்டி, மூன்றாம் முறை சேர்ந்து வைப்போம். பிறகு முற்றிலும் வேறு வரிசை ஒன்றைக் கொடுப்பேன். முதல் முறை தெரியாமல், பத்து நிமிடம் கழித்துப் புதிய வரிசையையும் பிடித்துக்கொள்ளும் குழந்தைக்கு இதுவரை வாய்ப்புதான் இல்லை. பலமுறை காட்டியும் அதே இடத்தில் நிற்கும் குழந்தைக்குக் கூடுதல் கவனம் தேவை. ஒரு மணி நேரத்தில் எனக்கு இது சொல்வதை, ஒற்றை எண் சொல்லாது. ஆனால் இது வகுப்பறைக் கணிப்புதான். தரப்படுத்திய சோதனையின் வினாக்களை நாமே மாற்றிக்கொள்ளக் கூடாது. அதற்குப் பயிற்சி பெற்ற உளவியலாளர் வேண்டும். நம் மாவட்டத்திலேயே முட்டுக்காட்டில், பல்வகை மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய நிறுவனம் இருப்பது நமக்கு வசதி.

மொழிபெயர்க்க அக்காவையோ அண்ணனையோ உட்கார வைப்பது பற்றியும் ஒரு சொல். வேறு வழியில்லாதபோது நானும் செய்கிறேன். ஆனால் அக்கா கேள்வியை மட்டும் மொழிபெயர்க்க மாட்டாள். விடையையும் சேர்த்துக் கொடுப்பாள், இல்லாவிட்டால் "இதுகூடத் தெரியாதா" என்று தலையில் ஒரு குட்டு வைப்பாள். முன்கூட்டியே அவளோடு இரண்டு கேள்விகளை விளையாட்டாகப் பழகிவிட்டு, 'நீ தபால்காரர் மாதிரி. கடிதத்தைக் கொடுக்க மட்டும்தான் செய்யணும்' என்று சொன்னால் ஓரளவு பலன் உண்டு.

மொழிக்குப் பின்னால் ஒளிவது

இவ்வளவும் சொன்ன பிறகு எதிர்ப்பக்கத்தையும் சொல்லியாக வேண்டும், ஏனெனில் அதுவும் குழந்தையைத்தான் பாதிக்கிறது. சூளைப் பகுதிப் பள்ளி ஒன்றில் ஒடியா பேசும் சிறுவன் ஒருவன். ஆறு வயது. கூப்பிட்டால் திரும்ப மாட்டான், சொன்னதைச் செய்ய மாட்டான், ஆனால் மற்றவர்களைப் பார்த்து அப்படியே செய்வான். "மொழி புரியல மேடம், ஒரு வருஷம் போனா சரியாகிடும்" என்பதே எல்லார் கருத்தும். அன்பான கருத்துதான். ஒடியாவும் தமிழும் அறிந்த மேஸ்திரி ஒருவர் உதவியோடு அவன் அம்மாவிடம் அதே கேள்வியைக் கேட்டேன்: வீட்டில் எப்படி? வீட்டிலும் அப்படித்தான் என்றார். பின்னாலிருந்து கூப்பிட்டால் திரும்ப மாட்டான். முகத்தைப் பார்த்துப் பேசினால்தான் புரியும். செவித்திறன் பரிசோதனையில் இரண்டு காதிலும் குறை தெரிந்தது. எந்த மொழியில் சோதித்திருந்தாலும் அவன் தோற்றிருப்பான். 'மொழிதான் காரணம்' என்று காத்திருந்திருந்தால், பேச்சு வளர வேண்டிய பருவத்தில் இன்னும் ஓராண்டு போயிருக்கும்.

ஆகவே பரிந்துரைத் தாளில் 'கற்றலில் பின்தங்கியுள்ளார்' என்று ஒற்றை வரி எழுதி அனுப்பாதீர்கள் என்பதே ஆசிரியர்களிடம் என் வேண்டுகோள். வீட்டில் என்ன மொழி, தமிழைக் கேட்கத் தொடங்கி எத்தனை ஆண்டு, வீட்டு மொழியில் உடன்பிறந்தவர்களைப் போல் பேசுகிறதா, கண்ணும் காதும் பார்த்தாயிற்றா, கற்பித்த பிறகு என்ன மாறியது என்பவற்றை ஐந்தாறு வரியில் எழுதுங்கள். அந்தப் பிள்ளை நன்றாகச் செய்யும் ஏதேனும் ஒன்றையும் எழுதுங்கள். சோதிப்பவருக்கு அது எங்கே தொடங்குவது என்று காட்டும். எமிஸ் தளத்தில் தாய்மொழிக்கு ஒரு கட்டம் இருக்கிறது. அவசரத்தில் அதில் 'தமிழ்' என்று போட்டுவிடுவது எளிது. பெற்றோரிடம் ஒரு கேள்வி கேட்டு நிரப்பினால், அடுத்த ஆண்டு ஆசிரியருக்கும் அது உதவும்.

சூளைக் குழந்தைகளுக்கு இன்னொன்றும் செய்யலாம். மழை தொடங்குமுன் அவர்கள் ஊர் திரும்பிவிடுவார்கள். நம் பதிவேடு இங்கேயே இருக்கும். அந்தச் சிறுவனின் செவிப் பரிசோதனை அறிக்கையை மூன்று படி எடுத்து, ஒன்றை நெகிழி உறையிலிட்டு அவன் அம்மாவிடம் கொடுத்தோம். மேலே மேஸ்திரியைக் கொண்டு ஒடியாவில் இரண்டு வரி எழுதி ஒட்டியிருக்கிறோம்: 'இவனுக்குக் காது சரியாகக் கேட்காது. முன்னால் உட்கார வையுங்கள்.'